"கடைசியா ஒரே ஒரு தடவ நேர்ல பேசணும்"னு கூப்பிட்டா போகாதீங்க: விட்டு விலகும்போது பத்திரமா விலகுறது எப்படி

"கடைசியா ஒரே ஒரு தடவ நேர்ல பேசிடறேன், அதுக்கப்புறம் உன் பக்கமே வரமாட்டேன்"னு நீங்க விட்டு விலகின புருஷனோ காதலனோ சொன்னா போகாதீங்க. கோயில்ல வெச்சு பேசலாம்னு சொன்னாலும் போகாதீங்க, அவங்க அம்மா கூட இருப்பாங்கன்னு சொன்னாலும் போகாதீங்க, பஸ் ஸ்டாண்டுதானே நாலு பேரு இருப்பாங்களேன்னு உங்க மனசே சொன்னாலும் போகாதீங்க. 2016 ஜூன்ல நுங்கம்பாக்கம் ஸ்டேஷன்லயும் 2022 அக்டோபர்ல பரங்கிமலை ஸ்டேஷன்லயும் பொண்ணுங்க உயிர் போனது ஜனங்க ரயிலுக்கு நின்னுட்டு இருந்த பிளாட்பாரத்துலதான். கூட்டம் இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நம்பி இருக்காதீங்க.

இதை எதுக்கு எழுதறேன்னா, எங்க சித்தி பொண்ணு ஒருத்தி புருஷன விட்டு வெளிய வந்தப்போ ரெண்டு வருஷம் நான்தான் அவ கூட ஸ்டேஷன், கோர்ட், ஆஸ்பத்திரின்னு நடந்தேன். அதுக்கு முன்னாடி அவ ரெண்டு தடவ அழுதுட்டே போன் பண்ணப்போ "கொஞ்சம் பொறுத்துப் போ தங்கம், குழந்தை இருக்குல்ல"ன்னு சொன்னவளும் நான்தான். அந்த வார்த்தைய இப்ப நினைச்சாலும் நெஞ்சு அடைக்குது. தெரியாம சொன்னேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன். பாதிக்கப்பட்டவங்களுக்கும் சரி, அவங்க பக்கத்துல நிக்கிற அக்கா, அம்மா, ஃப்ரெண்டுக்கும் சரி, எல்லாருக்கும்தான் இது. ஆம்பளைங்களுக்கும் இது நடக்குது, போன் பத்தியும் ஆதாரம் பத்தியும் நான் சொல்றது அவங்களுக்கும் பொருந்தும், ஆனா கீழ சொல்ற சட்டம் பெரும்பாலும் பொண்ணுங்களுக்கானது.

முதல்ல அவன் மனசு எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்கோங்க

அடிக்கிறவன் கோவம் வந்து கட்டுப்படுத்த முடியாம அடிக்கிறான்னுதான் நாம நினைக்கிறோம். அப்படின்னா அவன் ஆபீஸ்ல மேனேஜர் திட்டும்போது ஏன் கை ஓங்கறதில்ல? வீட்டுக்கு வந்து கதவ சாத்திட்டுதானே அடிக்கிறான். அடி ஒரு கருவிதான், அவனுக்கு வேண்டியது பிடி. இவான் ஸ்டார்க்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2007-ல இதைத்தான் விளக்கமா எழுதினாரு, அடி விழுற நாளை மட்டும் எண்ணாதீங்க, அந்தப் பொண்ணோட தினசரி வாழ்க்கைல எவ்ளோ அவ கையில இருக்குன்னு பாருங்கன்னு. எங்க வீட்டுப் பொண்ணுக்கு கல்யாணம் ஆன முதல் வருஷம் ஒரு அடி கூட விழல. ஆனா ஏடிஎம் கார்டு அவன்கிட்ட, போன் லாக் நம்பர் அவனுக்குத் தெரியும், ஆபீஸ் போய் சேர்ந்ததும் வீடியோ கால் போடணும், அம்மா வீட்டுக்கு ரெண்டு நாள் போறதுக்கு பத்து நாள் கெஞ்சணும். நாங்க எல்லாரும் "மாப்பிள்ளைக்கு அவ மேல எவ்ளோ பாசம் பாரு"ன்னு சொல்லிட்டு இருந்தோம்.

அப்புறம் ஏன் அவ திரும்பத் திரும்பப் போறா? இந்தக் கேள்விய ஊரே கேக்கும், "சூடு சொரணை இல்லையா"ன்னு வேற கேக்கும். லெனோர் வாக்கர்னு ஒரு உளவியலாளர் 1979-லயே சொன்னது, முதல்ல வீட்டுக்குள்ள இறுக்கம் கூடும், அப்புறம் வெடிக்கும், அப்புறம் கால்ல விழுந்து அழுவான், மல்லிப்பூவும் பிரியாணியும் வாங்கிட்டு வருவான், கொஞ்ச நாள் நல்லா இருப்பான், மறுபடி இறுக்கம். எல்லா வீட்லயும் அச்சு அசலா இதே வரிசைல நடக்கும்னு சொல்ல முடியாது, ஆனா கேட்ட உடனே "ஆமா இதேதான்"னு தலையாட்டற பொண்ணுங்க நிறைய. அந்த நல்ல நாட்கள்தான் கண்ணி. டட்டன், பெயிண்டர்னு ரெண்டு கனடாக்காரங்க 1981-ல இந்தப் பிணைப்புக்கு ஒரு விளக்கம் கொடுத்தாங்க: ஒருத்தர் கையில முழு அதிகாரம் இருந்து, அதே ஆளு விட்டு விட்டு அடியும் அன்பும் மாத்தி மாத்திக் கொடுத்தா, மனசு அவன்கிட்டயே இன்னும் இறுக்கமா ஒட்டிக்கும். எப்ப கிடைக்கும்னு தெரியாத பரிசுக்காகத்தான் மனசு ரொம்ப நேரம் காத்திருக்கும். லாட்டரி சீட்டு வாங்கறவங்கள பாருங்க, தினமும் கிடைக்காது, என்னைக்கோ ஒரு நாள் கிடைச்சது, அதுக்காகவே பல வருஷம் வாங்குவாங்க. அவ முட்டாள் இல்ல, மனுஷ மனசே இப்படித்தான் ஓடுது. பக்கத்துல நிக்கிறவங்க இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டா போதும், அவ திரும்பிப் போனாலும் "இனிமே என்கிட்ட வராத"ன்னு கதவ அடைக்க மாட்டீங்க. அவ நாலாவது தடவ கிளம்பும்போது தட்டறதுக்கு உங்க கதவுதான் இருக்கும்.

இதே விஷயம் அவன் பக்கமும் வேலை செய்யுது, அதை யாரும் சொல்றதில்ல. அவன் 60 தடவ போன் பண்றான், நீங்க எடுக்கல, 61-வது தடவ தாங்க முடியாம எடுத்து "தயவுசெஞ்சு விட்டுடு"ன்னு கத்தறீங்க. நீங்க மறுத்ததா நினைக்கிறீங்க, அவன் கத்துக்கிட்டது 61 தடவ அடிச்சா எடுப்பாங்கறது. அடுத்த தடவ 60-ல நிறுத்த மாட்டான்.

இதுல சினிமாவுக்கும் பங்கு இருக்கு. பொண்ணு முறைக்கும், திட்டும், ஹீரோ பின்னாடியே சுத்துவான், இன்டர்வலுக்குள்ள சிரிச்சுடும். அதைப் பாத்து வளர்ந்த நமக்கு பஸ் ஸ்டாப்ல ஒருத்தன் தினமும் வந்து நிக்கிறது குத்தமாவே தெரியல, நம்ம வீட்டுப் பெரியவங்களும் "நீ ஏன் சிரிச்ச"ன்னுதான் கேக்கறாங்க.

எது நிஜமான ஆபத்து

பின்தொடர்றவங்கள பத்தி பால் மல்லனும் அவரோட குழுவும் ஆஸ்திரேலியாவுல 145 பேர ஆராய்ஞ்சு 1999-ல அஞ்சு வகையா பிரிச்சாங்க. முகம் தெரியாதவங்க மேல கற்பனைல காதல் வெச்சுருக்கறவன், பழகத் தெரியாம தொல்லை பண்றவன், வஞ்சம் வெச்சு மிரட்டறவன், தாக்கறதுக்கே நோட்டம் விடறவன் எல்லாம் அதுல உண்டு. நான் இங்க பேசறது மிச்சம் இருக்குற ஒரு வகை, ஒதுக்கப்பட்டவன், அதாவது பழைய புருஷன், பழைய காதலன். அவனுக்கு சேரணும்னும் இருக்கும், பழிவாங்கணும்னும் இருக்கும், ரெண்டும் ஒரே நேரத்துல. அதனாலதான் காலைல "தங்கம் நீ இல்லாம செத்துருவேன்"னு மெசேஜ், மத்தியானம் "உன்ன சும்மா விட்டா நான் ஆம்பளையே இல்ல"ன்னு மெசேஜ். நாம காலை மெசேஜ பாத்து மனசு இளகிடறோம். ரெண்டையும் அனுப்பறது ஒரே கைதாங்க.

ஜேன் மாங்க்டன் ஸ்மித்னு இங்கிலாந்துல ஒரு பேராசிரியர், 372 கொலைகள எடுத்து 2019-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. திடீர்னு கண்ணு மறைச்சு நடந்ததுன்னு நாம நினைக்கிற கொலைகள்ல எட்டு படி இருக்கறத காட்டினாங்க: முன்னாடியும் இப்படி நடந்துக்கிட்ட அவனோட பழைய சரித்திரம், வேகமான காதல், கட்டுப்பாடு, அந்தக் கட்டுப்பாடு கை நழுவற ஒரு நிகழ்வு, மிரட்டலும் பின்தொடர்றதும் ஏறிட்டே போறது, அவன் மனசு "சேரணும்"லேர்ந்து "முடிச்சுடணும்"க்கு மாறறது, திட்டம் போடறது, கொலை. நடுவுல இருக்குற அந்த நிகழ்வு பெரும்பாலும் அவ விலகறதுதான். "விட்டுட்டு வந்தாச்சுல்ல, இனி நிம்மதி"ன்னு குடும்பம் மூச்சு விடற அந்த வாரம்தான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டிய வாரம். அமெரிக்காவுல 1999-ல வந்த இன்னொரு ஆய்வுல, துணையால கொல்லப்பட்ட 141 பெண்கள்ல 76 சதவீதம் பேர அதுக்கு முந்தின ஒரு வருஷத்துல அவன் பின்தொடர்ந்திருக்கான்.

அதனால உங்க தங்கச்சியோ ஃப்ரெண்டோ வந்து சொன்னா, அழுது முடிக்கட்டும், தண்ணி கொடுங்க, அப்புறம் நேரடியா இதைக் கேளுங்க. கழுத்த பிடிச்சானா, ஒரு தடவையாவது? கொன்னுடுவேன்னு சொன்னானா, அதை செய்வான்னு உனக்குத் தோணுதா? பெட்ரோல், ஆசிட், அருவான்னு ஏதாவது பேச்சு வந்துச்சா? நீ கர்ப்பமா இருக்கும்போது அடிச்சானா? நீ இல்லாட்டி நானும் செத்துருவேன்னு சொல்றானா? சமீபமா வேலை போச்சா? குழந்தைய வெச்சு மிரட்டறானா? ஜாக்குலின் கேம்பெல்னு ஒரு நர்ஸிங் பேராசிரியர் 1980-கள்லயே இந்த மாதிரி கேள்விங்களத் தொகுத்து ஆபத்த கணிக்கிற ஒரு முறைய உருவாக்கினாங்க. இதுல கழுத்துங்கற கேள்விய மட்டும் விட்டுடாதீங்க. முன்னாடி கழுத்து நெரிக்கப்பட்ட பொண்ணு பின்னாடி அவன் கையாலயே கொல்லப்படறதுக்கான வாய்ப்பு 7 மடங்குக்கு மேலன்னு 2008-ல வந்த ஆய்வு சொல்லுது. அவளா சொல்ல மாட்டா, "லேசா பிடிச்சாருக்கா"ன்னுதான் சொல்லுவா. வெளிய காயமே இல்லாம உள்ள வீங்கலாம், கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சு சில நாள் கழிச்சு கூட பக்கவாதம் வரலாம். குரல் கம்மிப் போச்சு, முழுங்கினா வலிக்குது, கண்ணுல ரத்தப் புள்ளி தெரியுதுன்னா அன்னைக்கே ஜிஎச்-க்கு கூட்டிட்டுப் போங்க. டாக்டர்கிட்ட "கீழ விழுந்துட்டேன்"னு சொல்ல விடாதீங்க, யாரு பண்ணதுன்னு சொல்லி ஏ.ஆர்., அதாவது ஆஸ்பத்திரில காயத்த எழுதி வெக்கிற விபத்துப் பதிவு, போடச் சொல்லுங்க, அந்த ஏ.ஆர். காப்பி பின்னாடி கேஸுக்கு ரொம்ப உதவும்.

இதையெல்லாம் விட அவளோட பயம்தான் பெரிய அளவுகோல். "அவன் பண்ணிடுவான்"னு அவ சொன்னா நம்புங்க, அவனோட கண்ண பாத்தே அன்னைக்கு ராத்திரி எப்படிப் போகும்னு தெரிஞ்சுக்கிட்டு வாழ்ந்தவ அவ.

என்ன பண்ணணும்

ஒரே ஒரு தடவ, எழுத்துல, தெளிவா மறுப்பு சொல்லுங்க. "எனக்கு இந்த உறவு வேணாம். இனிமே போன்லயோ நேர்லயோ யார் மூலமாவோ என்னைத் தொடர்பு கொள்ளாதீங்க." அவ்ளோதான், காரணம் சொல்லாதீங்க, சாரி சொல்லாதீங்க, "இப்போதைக்கு"ன்னு ஒரு வார்த்தை கூட சேர்க்காதீங்க, ஏன்னா காரணம் சொன்னா அதுக்கு ஒரு பதில் கொண்டு வருவான். இது மனசுக்காக மட்டும் இல்ல. இப்ப இருக்குற குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவோட 78-வது பிரிவு, அதுக்கு முன்னாடி இருந்த ஐபிசில 2013-ல 354டி-ன்னு சேர்த்தது, பொண்ணு விருப்பம் இல்லன்னு தெளிவா காட்டின பிறகும் திரும்பத் திரும்ப தொடர்றதத்தான் குத்தமா சொல்லுது, அவ நெட்டுல என்ன பண்றான்னு கண்காணிக்கிறதும் அதுல வரும். முதல் தடவைக்கு 3 வருஷம் வரைக்கும், மறுபடி பண்ணா 5 வருஷம் வரைக்கும் தண்டனை. உங்க அந்த ஒரு மெசேஜ்தான் தெளிவா காட்டினதுக்கு சாட்சி. ஆனா அவன் கூட ஒரே வீட்ல இருக்கும்போது இதை அனுப்பாதீங்க, வெளிய வந்து பத்திரமான இடத்துல உக்காந்த பிறகுதான்.

அதுக்கப்புறம் பதிலே கிடையாது, திட்டக்கூட வேணாம். பழைய நம்பர தூக்கிப் போட்டுடாதீங்க, பிளாக் பண்ணிட்டா அவன் என்ன மிரட்டறான்னே நமக்குத் தெரியாமப் போயிடும். பழைய சிம்ம அண்ணன்கிட்டயோ ஃப்ரெண்டுகிட்டயோ ஒரு பழைய போன்ல போட்டுக் கொடுத்துடுங்க, அவங்க பாத்து எடுத்து வெக்கட்டும், நீங்க புது நம்பர்ல நிம்மதியா இருங்க. எங்க வீட்ல அதை நான் வெச்சிருந்தேன், ஒரே ராத்திரில 140 மிஸ்டு கால் வந்துச்சு, அவ அன்னைக்கு நல்லா தூங்கினா.

ஒரு நோட்டு போடுங்க. தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, யாரு பாத்தாங்க. "ஆபீஸ் வாசல்ல நின்னான், செக்யூரிட்டி அண்ணன் பாத்தாரு"ன்னு ரெண்டு வரி போதும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது நம்பரும் தேதியும் தெரியற மாதிரி எடுங்க, ஒரிஜினல் மெசேஜ அழிக்காதீங்க, எல்லாத்தையும் நம்பிக்கையான ஒருத்தருக்கு அனுப்பி வெச்சுடுங்க. தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணும் சின்ன விஷயமாத்தான் தெரியும், ஒரு பூ, ஒரு ஹார்ன் சத்தம், ஒரு மிஸ்டு கால். நோட்டுல 47 வரி சேர்ந்து இருக்கும்போதுதான் எதிர்ல உக்காந்திருக்குற இன்ஸ்பெக்டருக்கு அதோட கனம் புரியும்.

இப்ப போன். "நான் எங்க போனாலும் அவனுக்கு எப்படியோ தெரிஞ்சுடுது"ன்னு சொல்றவங்க பில்லி சூனியம் வரைக்கும் போயிடறாங்க, பாத்தா அது செட்டிங்ஸ்ல இருக்கும். வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ் பாருங்க, உங்க வாட்ஸ்அப் அவன் லேப்டாப்லயும் ஓடிட்டு இருக்கலாம். கூகுள் அக்கவுண்ட் அவன் தொறந்து கொடுத்ததா, அவன் போன்லயும் லாகின்ல இருக்கா, மேப்ஸ்ல லொகேஷன் ஷேரிங் யாருக்குப் போகுது? ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில, ஹேண்ட்பேக் லைனிங்ல சின்ன டிராக்கர் இருக்கலாம், "தெரியாத டிராக்கர் உங்க கூட வருது"ன்னு போன் எச்சரிச்சா அலட்சியம் பண்ணாதீங்க. நிறைய பேரு மறக்கறது இதான்: கார் ஃபாஸ்டேக் அவன் நம்பர்ல இருந்தா ஒவ்வொரு டோல்கேட்லயும் அவனுக்கு எஸ்எம்எஸ் போகும். ஜாயிண்ட் அக்கவுண்ட்ல ஏடிஎம் எடுத்தா அதுவும் போகும். சாப்பாடு ஆர்டர் பண்ற ஆப் ரெண்டு பேருக்கும் ஒரே லாகின்னா புது வீட்டு அட்ரஸ் அப்படியே அவன் கையில. ஆனா இன்னும் அவன் கூட ஒரே வீட்ல இருக்கீங்கன்னா எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடாதீங்க, பிடி போகுதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். கிளம்பற வேலைய எல்லாம் வேற ஒருத்தர் போன்ல இருந்து பண்ணுங்க, கிளம்பின பிறகு மொத்தமா மாத்துங்க. ஆதார், பேங்க் ரெண்டுலயும் பதிஞ்சிருக்குற மொபைல் நம்பர மாத்தறத முதல் வேலையா வெச்சுக்கோங்க, அதுல அவன் நம்பர் இருந்தா, அது மாறாத வரைக்கும் ஓடிபி எல்லாம் அவன் கைக்குத்தான் போகும்.

கிளம்பற நாளுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா பொருள வெளிய கடத்துங்க. ஆதார், பேங்க் பாஸ்புக், படிச்ச சர்டிபிகேட், குழந்தையோட பிறப்பு சான்றிதழ், கல்யாண போட்டோ, ஆஸ்பத்திரி சீட்டு, நகை, கொஞ்சம் ரொக்கம், தினம் சாப்பிடற மாத்திரை. ஒரு பெரிய பேக்கா கட்டி பீரோவுல வெக்காதீங்க, எங்க வீட்ல அப்படி ஒண்ணு மாட்டி பெரிய கலவரமாச்சு. நம்பிக்கையான பக்கத்து வீட்டு அக்கா இருந்தா அவங்ககிட்ட ஒரு சொல் வெச்சுக்கோங்க, "அக்கா, சாம்பார் பொடி இருக்கா"ன்னு போன் வந்தா அடுத்த நிமிஷம் அவங்க அவசர உதவி எண் 112-க்கு அடிக்கணும். சண்டை வர்ற நேரம் சமையலறைக்குள்ளயும் பாத்ரூம்லயும் மாட்டிக்காதீங்க, ஒண்ணுல கத்தி, இன்னொண்ணுல வெளிய போக வழி இல்ல.

போலீஸ், ஆபீஸ், கோர்ட்

181 பெண்கள் உதவி எண், ராத்திரி பகல் எப்பவும் அடிக்கலாம். போட்டோ, வீடியோவ வெச்சு மிரட்டினா 1930, இல்லாட்டி சைபர் கிரைம் வெப்சைட்ல புகார். மாவட்டத்துல ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கு, சில நாள் தங்க இடம், கவுன்சிலிங், சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கும். பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 15100-ல கேளுங்க.

ஸ்டேஷனுக்கு தனியா போகாதீங்க, வாய்ல சொல்லிட்டும் வராதீங்க, எழுதிக் கொடுங்க, நோட்டோட ஜெராக்ஸ் சேருங்க, புகார் வாங்கினதுக்கு ஸ்டேஷன்ல தர்ற சிஎஸ்ஆர் ரசீது கையில வாங்காம எழுந்திரிக்காதீங்க. நாங்க முதல் தடவ போன இடத்துல மூணு மணி நேரம் உக்கார வெச்சு "குடும்பம்னா அப்படித்தாம்மா, அவரக் கூப்பிட்டு எழுதி வாங்கிட்டு அனுப்பறோம்"னாங்க. அவனும் வந்து இனிமே பண்ணமாட்டேன்னு எழுதிக் கொடுத்தான், அஞ்சாவது நாள் அவ ஹாஸ்டல் வாசல்ல நின்னான். அந்த மாதிரி சமாதானக் கடுதாசில வக்கீல கேக்காம கையெழுத்து போடாதீங்க. புகார் எடுக்கலைன்னா அதையே எஸ்.பி. ஆபீஸுக்கு, சிட்டின்னா கமிஷனருக்கு, ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க, அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கு. எந்த ஸ்டேஷன் எல்லைன்னு அலையவும் தேவையில்ல, எங்க கொடுத்தாலும் எஃப்ஐஆர் போட்டு சரியான ஸ்டேஷனுக்கு அவங்கதான் மாத்தணும்.

கல்யாணம் ஆனவங்களுக்கும், கல்யாணம் மாதிரியே சேர்ந்து வாழ்ந்தவங்களுக்கும் 2005 குடும்ப வன்முறை சட்டம் இருக்கு. மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர்னு ஒருத்தர் இருப்பாங்க, அவங்ககிட்ட போனா அறிக்கை தயார் பண்ணி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவாங்க. "இவ வேலை செய்யற இடத்துக்கோ வீட்டுக்கோ வரக்கூடாது, தொடர்பு கொள்ளக்கூடாது"ன்னு பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், மீறினா 1 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 20,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் வரலாம். வீடு அவன் பேருல இருந்தாலும் அங்க குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு. ஆனா உத்தரவுங்கறது ஒரு பேப்பர்தான், அது அவன் கையில கிடைக்கிற நாள் அவனுக்கு வெறி ஏறலாம், அன்னைக்கும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியா போகவோ வரவோ கூடாது. கோர்ட் வாசல்ல டீக்கடை பக்கம் வந்து "ஒரு நிமிஷம்"னு கூப்பிடுவான்.

"விஷம் குடிச்சுட்டேன், நீ வந்தாதான் ஆஸ்பத்திரிக்கு போவேன்"னு போன் வந்தா பொய்னு அலட்சியமும் பண்ணாதீங்க, ஓடவும் ஓடாதீங்க. 108-க்கு அவன் அட்ரஸ சொல்லுங்க, அவன் அண்ணனுக்கோ அம்மாவுக்கோ சொல்லுங்க, நீங்க இருக்குற இடத்தவிட்டு நகராதீங்க. மனசு கஷ்டம்னா பேசறதுக்கு 14416 இருக்கு, அவனுக்கும் அந்த நம்பர அவங்க வீட்டாளுங்க கொடுக்கட்டும்.

சொந்தக்காரங்க பத்தி ஒண்ணு சொல்லணும். அவன் நேரா வர முடியலன்னா மாமா வழியா, பூசாரி வழியா, உங்க கூடப் படிச்சவ வழியா வருவான், "பாவம்மா, இளைச்சுப் போயிட்டான், சாப்பாடே இறங்கல"ன்னு சொல்லி உங்க புது அட்ரஸ அப்பாவியா கறந்துட்டுப் போவாங்க. அட்ரஸ் தெரிஞ்சவங்க எண்ணிக்கைய ஒரு கை விரலுக்குள்ள வெச்சுக்கோங்க. குழந்தை ஸ்கூல்ல ஹெச்.எம்.-கிட்ட எழுதிக் கொடுங்க, யாரெல்லாம் கூட்டிட்டுப் போகலாம்னு பேரும் போட்டோவும் சேர்த்து, கோர்ட் உத்தரவு இருந்தா அதோட ஜெராக்ஸும் வெச்சு. வேன் டிரைவர் அண்ணனுக்கும் தனியா சொல்லுங்க, அவருக்கு யாரும் சொல்ல மாட்டாங்க.

மூணு மாசம், நாலு மாசம் ஒண்ணும் இல்லாம இருக்கும். அப்புறம் பொறந்த நாளுக்கோ, கல்யாண நாளுக்கோ, தீபாவளிக்கோ தெரியாத நம்பர்ல இருந்து "எப்படி இருக்க"ன்னு ஒரே ஒரு வரி வரும். எங்களுக்கு 11 மாசம் கழிச்சு வந்துச்சு, குழந்தை பொறந்த நாளன்னைக்கு. அவ என்கிட்ட போன கொடுத்துட்டு கேக் வெட்டப் போயிட்டா, நான் தேதியும் நேரமும் நம்பரும் நோட்டுல எழுதி வெச்சேன்.